ஊர்ப் படலையின் சாவி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று உங்கள் பொறுப்பாளர் கேட்டார். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் அவர். "பழைய அனுபவங்கள எழுதுங்க சேர், புள்ளயளுக்குப் பிரயோசனமா இரிக்கும்" என்றார். மூன்று கிழமை தட்டிக் கழித்தேன். எழுத உட்கார்ந்தால் எதை எழுதவேண்டி வரும் என்று எனக்குத் தெரியும்.

வானொலியில் எப்படிப் பேசுவது, காற்றை எப்படிக் கணிப்பது, ஓடுபாதையை எத்தனை மணிக்குப் பார்வையிடுவது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கின்றன. அவற்றை என்னைவிட நன்றாக உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது வானொலி அறைச் சுவரில் ஆணியில் தொங்கும் இரண்டு சாவிகளைப் பற்றி. சிவப்பு நாடா கட்டியது தளத்து வேலியின் ஊர்ப் பக்கக் கதவுக்கு, நாங்கள் ஊர்ப் படலை என்போம். நீல நாடா கட்டியது வாவிப் படலைக்கு.

நம்முடைய விமானத்தளம் நகரத்துக்குச் சொந்தமான சின்னத் தளம். பெரிய விமானம் வராது. பறக்கப் பழகுபவர்கள் வருவார்கள், வாடகை விமானத்தில் உல்லாசப் பயணிகள் வருவார்கள், எப்போதாவது நோயாளரை ஏற்ற ஒன்று வரும். தளம் போடுமுன்பே அந்த இடத்தின் குறுக்காக ஒரு பாதை இருந்தது. கிழக்கே ஊர், மேற்கே வாவிக்கரையில் ஊரின் சவக்காலை. காணியை எடுத்தபோது ஊரவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்களாம். உயிரோடு இருப்பவர்கள் சுற்றிப் போகிறோம், செத்தவர்களை நேரே விடுங்கள் என்று. நகரசபை சம்மதித்தது. எழுத்தில் எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஊரில் ஒரு சாவு விழுந்தால் நமக்குச் சொல்லியனுப்புவார்கள். நாம் இரண்டு படலைகளையும் திறப்போம், பாடை ஓடுபாதையைக் கடந்து போகும். "பிளேன்ல வாறவனுக்கு ஒரு படலை, பாடையில போறவனுக்கு ரெண்டு படலை" என்று தேத்தண்ணிக் கடையில் நக்கலடிப்பார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது நாற்பத்தைந்து வயது. அதற்கு முன் செங்கலடியில் கணிதம் படிப்பித்தேன். அப்போது பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் பெரிய சேர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவரும் என்னைப்போல் இந்த ஊரில் பெண் எடுத்து, பெண் வீட்டோடு வந்து குடியிருந்தவர். அதிகம் பேசமாட்டார். சேர்ந்த முதல் நாள் அந்தச் சாவிகளைக் காட்டி ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "வானத்தில ஆள் இரிந்தா, ஊர்ப் படலை தொறக்கிறல்ல. ஆர் வந்து நிண்டாலும்."

ஆர் வந்து நின்றாலும் என்பதற்கு அவர் என்ன பொருள் வைத்திருந்தார் என்பதை அடுத்த வருடம் பார்த்தேன்.

அவருடைய மனைவி இறந்துபோனார். பின்னேரம் மூன்று மணிபோல் பாடை ஊர்ப் படலைக்கு வந்தது. வானொலியில் நான்தான் இருந்தேன். மேலே பறக்கப் பழகும் ஒரு இளைஞன், முதல் தடவையாகத் தனியே வட்டமடித்துக் கொண்டிருந்தான். இறங்கப் பார்த்து, பயந்து, மறுபடி மேலே ஏற்றிவிட்டான். நான் சாவியை எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடினேன். பெரிய சேருடைய பெண்சாதியை மறிப்பதா? எனக்கு அது தோன்றவே இல்லை.

பெரிய சேர் ஈர வேட்டியோடு பாடைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர், என் கையில் சாவியைக் கண்டதும் முன்னால் வந்து படலையில் முதுகை வைத்து நின்றார்.

"மேல ஆள் இரிக்கான்தானே? இறங்கட்டும்."

அவருடைய மைத்துனர், இறந்தவரின் அண்ணன், பாடைக்கு முன்கொம்பு பிடித்திருந்தார். "மச்சான், இது உன்ட பொஞ்சாதிடா" என்றார்.

"ஓம். அவ அவசரப்படமாட்டா. மேல இரிக்கிறவன்தான் பயந்துபோய் இரிக்கான்."

பறை நின்றுவிட்டது. தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு வெயிலுக்குள் நின்றார்கள். அந்தப் பையன் நான்காம் தடவைதான் இறங்கினான். முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது. மைத்துனர் படலையைக் கடக்கும்போது பெரிய சேரின் காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஊர் அவரை மன்னிக்கவில்லை. கலியாணத்துக்குச் சொல்லமாட்டார்கள். கோயிலில் காளாஞ்சி மரியாதை கொடுக்கும்போது அவரைத் தாண்டிக் கை போகும். அவர் அதைப்பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் மட்டும் மனதுக்குள் ஒன்று நினைத்துக்கொண்டேன். இந்த மனுசன் போகும் நாளில் ஒரு நிமிடம்கூடப் படலையில் நிற்க விடமாட்டேன் என்று. அதை அன்பு என்று நினைத்தேன். அன்புதான். ஆனால் அன்பை அந்தச் சாவியோடு சேர்த்துக் கட்டியது பிழை.

அவர் ஓய்வு பெற்று, நான் பொறுப்பெடுத்து, நாலைந்து வருடம் போனது. ஒரு மாரிகாலத் தொடக்கத்தில் அவர் இறந்தார். சவம் எடுக்கிற நாள், ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் எனக்கு அழைப்பு வந்தது. வெல்லாவெளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. முதல் பிள்ளை பிறந்து பத்து நாள். அவளுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் இருந்த பழுது பிரசவத்தோடு முற்றிவிட்டது. கொழும்பில் அறுவைக்கு எல்லாம் ஆயத்தம். தரைவழியாகப் போனால் தாங்கமாட்டாள், பின்னேரம் ஒரு விமானம் வரும் என்றார்கள்.

இரண்டு மணிக்கே அம்புலன்ஸ் நம் விமானத் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். மூச்சு வாங்கினாலும் பேச ஆசைப்பட்டாள்.

"நான் பிளேன்ல ஏறினதே இல்ல சேர். பயமா இரிக்கு."

"ஒரு மணித்தியாலம்தான் பிள்ள. கண்ண மூடி முழிக்கக் கொழும்பு."

புருசன் பக்கத்தில் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வயற்காரன். "சேர் சொல்லுறார்தானே, மறுகா என்ன?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான். "வரக்குள்ள பிளேன்ல வரமாட்டன், பஸ்ஸிலதான் வருவன்" என்றாள் அவள்.

மூன்றேகால் மணிக்கு விமானி வானொலியில் வந்தார். பதினெட்டு நிமிடத்தில் தளத்துக்கு மேலே நிற்பேன் என்றார். மேற்கே வாவிக்கு அப்பால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனால் தூரத்தில் இருந்தது. நம் ஓடுபாதையில் நல்ல வெயில்.

அப்போது பறைச் சத்தம் கேட்டது.

நான் சிவப்பு நாடாச் சாவியை எடுத்துக்கொண்டு ஊர்ப் படலைக்குப் போனேன். தீயணைப்பு வண்டி ஓட்டுபவர், காத்தான்குடி ஆள், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம், என் கூடவே வந்தார். பாடை படலைக்கு வந்து நின்றது. முன்கொம்பில் அதே மைத்துனர். கிழவராகிவிட்டார். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"அண்டைக்கி இவன் என்ட தங்கச்சிய இதில மறிச்சவன். இண்டைக்கி நீ இவன மறிக்கப் போறியா? மறி. ஊரெல்லாம் பாக்கட்டும்."

நானா என் முழங்கையைப் பிடித்தார். "சேர், தொறக்காதீங்க. பிளேன் வந்து அந்தப் புள்ளய ஏத்திட்டுப் போகட்டும். பெரிய சேர் எங்க ஓடப்போறார்?"

நான் கணக்குப் போட்டேன். பாடை கடக்க வழக்கமாக எட்டு நிமிடம். விமானம் வரப் பதினெட்டு. பத்து நிமிடம் மிச்சம். இருபது வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு அந்தக் கழித்தல் பிழையாகுமா? படலையைத் திறந்தேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன்: திறக்க முடிவெடுத்த பிறகுதான் அந்தக் கணக்கைப் போட்டேன்.

எங்கள் ஊரில் பாதி வழியில் பாடையை இறக்கித் தலைமாட்டைக் கிறுக்கி, அதாவது மறுபக்கம் திருப்பி வைத்து, மறுபடி தூக்குவது வழக்கம். எப்போதும் அதைப் படலைக்கு வெளியே, புளியமரத்தடிச் சந்தியில்தான் செய்வார்கள். அன்றைக்குச் செய்யவில்லை. ஓடுபாதையின் நட்டநடுவில், வெள்ளைக் கோட்டின்மேல் மைத்துனர் பாடையை நிறுத்தினார்.

"இறக்குங்கடா. இதுதான் இவன்ட சந்தி."

இறக்கினார்கள். கிறுக்கினார்கள். பொரி எறிந்தார்கள். வெடி கொளுத்தினார்கள். வாவிக்கரையில் இருந்த நீர்க்காகங்கள் கூட்டமாகக் கிளம்பின. மைத்துனர் குனிந்து பெரிய சேரின் முகத்தைப் பார்த்தார், பிறகு பாடைமேல் விழுந்துவிட்டார். "மச்சான், உன்னோட பேசாமப் போயிட்டனே. இத்தின வருஷம் பேசாம இரிந்துட்டனே" என்று அலறினார். அவரைத் தூக்க ஒருவரும் முன்வரவில்லை. ஊரே அழுதது. நானும் அழுதேன்.

நானா கைவானொலியோடு ஓடிவந்தார். "சேர், விமானி மேல வந்துட்டார். பாத தெளிவா எண்டு கேக்கார்."

"கொஞ்சம் வட்டமடிக்கச் சொல்லுங்க."

"மேக்க பாருங்க சேர்."

பார்த்தேன். மழை வாவிக்குமேல் ஒரு சுவர்போல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் மைத்துனரின் தோளைத் தொட்டேன். "ஐயா, எழும்புங்க" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. பெரிய சேர் அன்று முதுகை வைத்து நின்றதுபோல் எனக்கு நிற்கத் தெரியவில்லை. படலை பூட்டியிருக்கும்வரைதான் நம் வார்த்தைக்குப் பலம். திறந்துவிட்ட பிறகு, ஓடுபாதையில் நிற்பவர்கள் வைத்ததுதான் சட்டம்.

ஒருவழியாகப் பாடை எழுந்து வாவிப் படலைக்குப் போனது. பாதையெங்கும் வெடிக் கடதாசியும் பொரியும். பொரிக்குக் காகமும் மைனாவும் இறங்கிவிட்டன. நானா வண்டியை எடுத்து, சைரனைப் போட்டு மேலும் கீழும் ஓட்டினார். நானும் மற்றவர்களும் தென்னோலையாலும் கையாலும் கூட்டினோம். பாதை தெளிவு என்று நான் வானொலியில் சொன்னபோது, விமானம் மேலே வந்து பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

விமானி இறங்கத் திரும்பினார். முதல் துளி என் கையில் விழுந்தது. மேற்கே வாவிப் படலை மறைந்தது, பிறகு ஓடுபாதையும் மறைந்தது. ஒரு தடவை பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். "மன்னிக்கவேண்டும், நான் திரும்புகிறேன்" என்றார். சத்தம் மட்டும் எங்கள் தலைக்கு மேலாகப் போனது.

மழை இருட்டும்வரை விடவில்லை. இன்னொரு விமானம் அன்று வருவதற்கில்லை. அம்புலன்ஸ் தரைவழியாகவே கொழும்புக்குப் புறப்பட்டது. பொலன்னறுவையைத் தாண்டுமுன் அவள் இறந்துவிட்டாள்.

அன்றைய அறிக்கையில் நான் எழுதியது ஒரே வரி: "கடும் மழை காரணமாக விமானம் தரையிறங்க முடியாமல் திரும்பியது." வாசித்துப் பாருங்கள், ஒரு சொல் பொய்யில்லை. அந்தப் பதினொரு நிமிடமும் ஓடுபாதையில் வெயில் அடித்தது என்பதை மட்டும் நான் எழுதவில்லை.

நானா வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"மழ எண்டா எழுதின சேர்?"

"ஓம்."

"மழ பெய்ததுதான்" என்றார்.  ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றுவரை என் மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்த மனுசன், மறுநாளிலிருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றே குடித்தார். நான் ஓய்வு பெறும் நாள்வரை அப்படித்தான்.

அந்த வருடம் மாரி வேளாண்மை வெட்டி முடிந்ததும் அந்தப் புருசன் தளத்துக்கு வந்தான். தோளில் ஒரு மூடை அரிசி. என் காலடியில் இறக்கி வைத்தான்.

"எங்கட வட்டையில வெளைஞ்சது சேர். மழ வர முந்தி எண்டு ஓடி ஓடி நீங்க ரோட்டக் கூட்டினத நான் கண்டன். எங்களுக்காக ஆரு அப்படிச் செய்வாங்க?"

தரிப்பிடத்திலிருந்து அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாங்கள் எதைக் கூட்டினோம், ஏன் கூட்டினோம் என்று அவனுக்குத் தெரியாது. சவம் ஒன்று போனது தெரியும். அதற்கும் விமானத்துக்கும் முடிச்சுப் போட அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. நான் சொல்லியிருக்கலாம். "வேண்டாம் தம்பி" என்றேன். அவன் கேட்கவில்லை. மூடையை வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் மனைவி ஆக்கிப் போட்டாள். நல்ல அரிசி. தின்றேன்.

அடுத்த வருடமும் வந்தான். அதற்கடுத்த வருடமும். நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டைத் தேடி வந்தான். ஐந்து மூடைகள். ஒவ்வொன்றும் முடியும்வரை தினமும் ஒருவேளையாவது அந்தப் பெண்ணின் முகம் என் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் வந்திருக்கவேண்டும். முதல் வருடம் வந்தது. பிறகு வராத நாட்களும் இருந்தன. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

ஐந்தாம் மூடையோடு மகளையும் கூட்டிவந்தான். பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். தாயின் முகவெட்டு. அவளை என் முன்னால் நிறுத்தினான். "மகள், உங்கட அம்மாவுக்காக மழையோட சண்ட பிடிச்சவர் எண்டு சொல்லுவன்தானே, இவர்தான் அந்த ஐயா. கும்பிடுங்க."

குழந்தை கையைக் கூப்பியது.

மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். இறங்கவில்லை. வெல்லாவெளிக்கு அங்கால் அவனுடைய வீடு. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. முற்றத்தில் கதிரை போட்டான், தண்ணி கொண்டுவந்தான். நான் குடிக்காமல் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய சேரை, மைத்துனரை, சாவியை, பொரியை, அறிக்கையை. ஒன்றையும் மென்மையாக்காமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே கேட்டான்.

"எத்தின நிமிசம் சேர்?"

"பதினொண்டு."

"அப்ப வெயில் அடிச்சதுதானே?"

"ஓம்."

 பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான். "அம்புலன்சுக்குள்ள அவ கேட்டுக் கேட்டு வந்தவ. பிளேன் ஏன் கிறுகிப் போச்சு, நான் வாறது புடிக்கலியா எண்டு. கடைசியாக் கதைச்சதும் அதுதான். நான் மழ எண்டன். மழதான் புள்ள, ஆர்ட பிழையும் இல்ல எண்டன்." அவனுடைய குரல் உயரவில்லை. "கடைசியா அவக்கு என்னப் பொய் சொல்ல வெச்சிட்டீங்க சேர்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து போய்ப் படலையைத் திறந்து பிடித்தான். "பிள்ள பள்ளிக்கூடத்தால வாற நேரம். அதுக்கு முந்திப் போயிடுங்க" என்றான்.

தம்பி, தங்கச்சிமார், இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. வானத்தில் ஆள் இருந்தால் ஊர்ப் படலையைத் திறக்காதீர்கள், இது பெரிய சேர் சொன்னது. நடந்ததை நடந்தபடி, அன்றைக்கே எழுதிவிடுங்கள், இது நான் சொல்வது. நான் அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும்.

இந்த வருடம் மாரி வேளாண்மை வெட்டி இரண்டு மாதமாகிறது. அரிசி வரவில்லை. "அந்தத் தம்பி இந்த முற வரல்லியே" என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். கடை அரிசி வாங்குகிறோம்.

எனக்கு எழுபது நெருங்குகிறது. இருதயம் எனக்கும் நன்றாக இல்லை. நானும் இந்த ஊரில் பெண் எடுத்தவன். என்னையும் அந்தப் படலைக்குத்தான் கொண்டுவருவார்கள். என் மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் அவர் நல்ல மனுசன், உங்களோடு சண்டை பிடிப்பார். அன்றைக்கு உங்களில் ஒருவர் வானொலியில் இருப்பீர்கள். மேலே ஒரு விமானம் இருந்தால், அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், சாவி ஆணியிலேயே இருக்கட்டும். என்னை வெயிலில் வையுங்கள்.